14 வயது மகளுக்கு 74 நாளாக பீரியட்ஸ் வரவில்லை, ஸ்கேனில் நீர்க்கட்டி என்கிறார்கள்

மஞ்சள்குடை

என் மகளுக்கு 14 வயது முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வயசுக்கு வந்து ஒரு வருடம் பத்து மாதம். முதல் சில மாதங்கள் நான் கணக்கு வைக்கவில்லை. அப்புறம் குறித்து வைத்ததில் இடைவெளி 29 நாள், 63 நாள், 41 நாள் என்று வந்திருக்கிறது. இப்போது 74 நாளாகியும் வரவில்லை. போன தடவை வந்தபோது 9 நாள் நிற்கவே இல்லை, கட்டி கட்டியாகப் போனது.

தாடைப் பக்கம் பரு அதிகம். மேலுதட்டில் லேசாக முடி. கழுத்துக்குப் பின்னால் கறுத்திருக்கிறது. ஒரு டாக்டரிடம் காட்டினோம். இரண்டு நிமிடம் பார்த்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "ஹார்மோன் இம்பேலன்ஸ், நீர்க்கட்டி, எடையைக் குறைக்கச் சொல்லுங்கள்" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். வேறு ஒரு கேள்வியும் இல்லை. இன்னும் மாத்திரை ஆரம்பிக்கவில்லை.

வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் இதைக் கேட்டு, "அய்யோ, பின்னாடி குழந்தை நிற்காதே" என்று பிள்ளை காதுபடவே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் அறைக் கதவு சாத்தியே இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

நாலு_பேர்_தாய்

பயப்படாதீங்க. ஆரம்பத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான். என் மூத்தவளுக்கு மூன்று வருடம் முன்னே பின்னே வந்துகொண்டிருந்தது, அதுவே சரியாகிவிட்டது. சின்னப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்கேன், மாத்திரை எல்லாம்?

இரவுப்பணி

நான் மகளிர் பிரிவில் செவிலியர். நாலு_பேர்_தாய் சொன்னதில் பாதி சரி. முதல் வருடத்தில் தாறுமாறாக வந்தால் அது பெரும்பாலும் வளர்ச்சியின் ஒரு பகுதிதான். ஆனால் "மூன்று வருடம் விட்டுவிடுங்கள்" என்பது சரியில்லை. ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் 21 நாளுக்கு மேல் 45 நாளுக்குள் வந்தால் பரவாயில்லை. மூன்று வருடம் தாண்டினால் 21 முதல் 35 நாள். முதல் வருடம் முடிந்த பிறகு ஒரே ஒரு தடவை 90 நாள் தாண்டினாலும் காரணம் தேட வேண்டும். உங்கள் மகளின் 63-ம் 74-ம் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கின்றன. அதனால் பார்க்க வேண்டியதுதான், ஆனால் ஓடவேண்டிய அவசரம் இல்லை.

ஓடவேண்டியது எப்போது என்றால், ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தால், தலை சுற்றி விழுந்தால், ஒரு பக்கமாகத் தாங்க முடியாத வலி வந்தால்.

இப்போது அந்த 9 நாளுக்கு வருகிறேன். கருப்பையின் உள்படலத்தை வளர்ப்பது ஈஸ்ட்ரோஜன். முட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் அந்தப் படலத்தை ஒரு நிலையில் நிறுத்தி, பிறகு ஒரே சீராக உதிர வைக்கும். முட்டையே வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் கிடையாது. படலம் பாட்டுக்கு வளர்ந்துகொண்டே போகும், ஒரு கட்டத்தில் தாங்காமல் அங்கங்கே பிய்ந்து விழும். அதனால்தான் நாள் தள்ளிப் போய் வந்தால் வெள்ளமாகவும் வருகிறது, நிற்கவும் மாட்டேன் என்கிறது. "வராவிட்டால் நல்லதுதானே, தொல்லை இல்லை" என்று சில அம்மாக்கள் நினைப்பதும் தப்பு. வருடக்கணக்கில் அப்படியே விட்டால் அந்தப் படலம் தடித்துவிடும்.

ஸ்கேன் விஷயம். வயசுக்கு வந்து எட்டு வருடம் ஆகும்வரை, நீர்க்கட்டியைக் கண்டுபிடிக்க ஸ்கேனை நம்பாதீர்கள் என்பதுதான் பிசிஓஎஸ் (பொதுவாக நீர்க்கட்டி என்று சொல்லப்படும் ஹார்மோன் கோளாறு) பற்றிய சர்வதேச வழிகாட்டுதல். 2018-லும் சொன்னார்கள், 2023-லும் சொன்னார்கள். இந்த வயதில் ஆரோக்கியமான பிள்ளைகளின் சினைப்பையிலும் குட்டிக் குட்டிப் பைகள் நிறையத் தெரியும். அவை கட்டியே இல்லை. முட்டை வளரும் பைகள், வளர்ச்சி பாதியில் நின்றவை. 1935-இல் ஸ்டெய்னும் லெவென்தாலும் இந்தக் கோளாறை விவரித்தபோது கண்ணில் பட்டது அந்தப் பைகள், பெயரும் அதையே பிடித்துக்கொண்டது. தமிழில் "நீர்க்கட்டி" என்றதும் எல்லோரும் ஆபரேஷன் வரைக்கும் போய்விடுகிறார்கள்.

பதின்ம வயதில் பிசிஓஎஸ் என்று சொல்ல இரண்டு வேண்டும். ஒன்று, தேதி ஒழுங்கில்லாமை. இன்னொன்று, ஆண் ஹார்மோன் அதிகம் என்பதற்கு உடலிலோ ரத்தத்திலோ அடையாளம். வேறு காரணங்கள் இல்லை என்று பார்த்த பிறகுதான் அதையும் சொல்ல வேண்டும். "ஹார்மோன் இம்பேலன்ஸ்" என்பது நோயின் பெயரே இல்லை. எந்த ஹார்மோன், கூடியதா குறைந்ததா, எதனால் என்று கேளுங்கள்.

பச்சைத்திண்ணை

இங்கிலீஷ் மருந்து எதுவும் வேண்டாம். இணையத்தில் ஒரு மூலிகைப் பவுடர் கிடைக்கிறது. மூன்று மாதத்தில் கட்டி கரைந்துவிடும். என் நாத்தனார் மகளுக்குக் கேரண்டியாகக் கேட்டது.

ஆய்வகத்து_ஆள்

கரைவதற்குக் கட்டியே இல்லை என்று மேலேதான் எழுதியிருக்கிறார்கள். மூன்று மாதத்தில் தானாகவே தேதி சரியாகும் பிள்ளைகள் நிறைய உண்டு, பாராட்டு பவுடருக்குப் போய்விடும். டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் வளரும் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மஞ்சள்குடைக்குச் சில விஷயங்கள், டாக்டர்கள் அவசரத்தில் சொல்ல மறப்பவை.

முடி, நகத்துக்கென்று விற்கும் வைட்டமின் மாத்திரை ஏதாவது மகள் சாப்பிடுகிறாளா? அதில் பயோட்டின் இருக்கும். சில கருவிகளில் அது தைராய்டு முடிவையே புரட்டிப் போட்டுவிடும், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் குறைவு என்று பொய்யாகக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். ஊசியைப் பார்த்து நடுங்கும் பிள்ளைக்கு புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) கொஞ்சம் கூடிக் காட்டலாம். லேசாக ஏறியிருந்தால் அமைதியாக உட்கார வைத்து இன்னொரு நாள் எடுத்துப் பார்ப்பார்கள், அதற்குள் பயப்படாதீர்கள். 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்று எழுதியிருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். அட்ரினல் சுரப்பியில் பிறவிக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது அது, சாயங்காலம் எடுத்தால் அளவு இறங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், எழுதிக் கொடுத்த மாத்திரை கருத்தடை மாத்திரை வகையா என்று பாருங்கள். அப்படியென்றால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை அதற்கு முன்பே முடிய வேண்டும். மாத்திரை அந்த அளவைக் குறைத்துவிடும். ஆரம்பித்த பிறகு சரியாகப் பார்க்க வேண்டும் என்றால் மூன்று மாதம் நிறுத்திக் காத்திருக்க வேண்டும்.

ஓட்டக்காரியின்_அப்பா

எடையைக் குறை என்று எடுத்த எடுப்பில் சொன்னது எனக்குப் பக்கென்றது. என் கதையைச் சொல்கிறேன். மனைவி இல்லை, மகளை நான்தான் வளர்க்கிறேன். தடகளத்தில் இருந்தாள். 15 வயதில் நான்கு மாதம் பீரியட்ஸ் நின்றுவிட்டது. ஸ்கேனில் அதே "நீர்க்கட்டி". அதே அறிவுரை. அவள் ஏற்கெனவே தட்டில் பாதியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள், அப்புறம் முக்கால்வாசியை ஒதுக்கினாள். நானும் "பரவாயில்லை, பிள்ளை கட்டுப்பாடாக இருக்கிறாள்" என்று பெருமைப்பட்டேன். இன்னும் நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இரண்டாவது பார்த்த எண்டோக்ரைனாலஜிஸ்ட் (ஹார்மோன் நிபுணர்) ஸ்கேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாளில் என்ன சாப்பிடுகிறாள், எவ்வளவு ஓடுகிறாள், எத்தனை மணி நேரம் தூங்குகிறாள் என்று அரைமணி நேரம் கேட்டார். சினைப்பையை இயக்க மூளையடியில் சுரக்கும் எஃப்எஸ்எச், எல்எச், அப்புறம் ஈஸ்ட்ரோஜன் எல்லாமே தாழ்ந்து கிடந்தன. உடம்புக்குப் போகிற தீனி செலவுக்குப் பத்தாதபோது மூளை முதலில் நிறுத்துவது மாதவிடாயைத்தான் என்றார். எலும்பு பலமாகும் வயதில் ஈஸ்ட்ரோஜன் இல்லாமல் போனால் பின்னால் எலும்பு முறிவில் கொண்டுபோய் விடும் என்றும் சொன்னார். எங்களுக்குக் கிடைத்த மருந்து, ஓட்டத்தைக் குறைத்துச் சாப்பாட்டைக் கூட்டுவது. எட்டு மாதம் ஆனது. ஒரே ஸ்கேன் முடிவுக்கு நேர் எதிரான இரண்டு வைத்தியம் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன்.

சுருட்டைமுடி23

நான் அம்மா இல்லை, மகள் பக்கம். இப்போது 23 வயது. உங்கள் பதிவில் கழுத்து கறுத்திருக்கிறது என்று படித்ததும் எழுதத் தோன்றியது அக்கா.

எனக்கும் இருந்தது. வகுப்பில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் "குளிக்கவே மாட்டியா" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் குளியலறையில் நார் வைத்துத் தேய்த்தேன். ரத்தம் கசிந்து சட்டைக் காலர் ஒட்டிக்கொண்டது. அம்மாவும் "நல்லா தேய்ச்சுக் குளி" என்றுதான் சொல்லியிருந்தார். அது அழுக்கே இல்லை, இன்சுலின் அதிகமாகச் சுரப்பதால் தோல் தடித்துக் கறுப்பது என்று எனக்குத் தெரிந்தது 19 வயதில். உங்கள் மகள் தேய்க்கிறாளா என்று பாருங்கள். கேட்காதீர்கள், பாருங்கள்.

அப்புறம் அந்தக் "குழந்தை நிற்காது". என்னிடமும் சொன்னார்கள். பிசிஓஎஸ் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்குக் குழந்தை பிறக்கிறது, சிலருக்கு முட்டை வெளியாக மருந்து உதவி வேண்டியிருக்கும், அவ்வளவுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 14 வயதில் எனக்குக் குழந்தை பற்றி ஒரு கவலையும் இல்லை. ஆனால் பெரியவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து, நான் உடைந்த பொருள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மஞ்சள்குடை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அவள் தூங்கியதும் போய்ப் பார்த்தேன். கழுத்தின் பின்பக்கம் நகக்கீறல் மாதிரி இரண்டு கோடு. காலையில் அது அழுக்கில்லை என்று மட்டும் சொன்னேன். "அப்படின்னா என்ன" என்று கேட்டாள். பத்து நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நான் தடுமாறி, இங்கே படித்ததையே சொன்னேன்.

மாத்திரை கருத்தடை வகைதான். அட்டையைத் தேடிப் பார்த்தேன். இந்த வயதுப் பிள்ளைக்குக் கருத்தடை மாத்திரையா? எனக்கு மனசே வரவில்லை. வேறு டாக்டரிடம் போகப் போகிறேன். என்ன கேட்பது, என்ன எடுத்துப் போவது?

கவலையம்மா

கொடுக்காதீங்க தோழி, கர்ப்பப்பையைக் கெடுத்துவிடும். நிறுத்தினால் அப்புறம் வரவே வராது.

இரவுப்பணி

கவலையம்மா, அது உண்மையில்லை. நிறுத்தினால் கொஞ்ச நாளில் முட்டை உருவாவது பழையபடி தொடங்கிவிடும். முன்பு ஒழுங்கில்லாமல் இருந்தவர்களுக்கு அதே ஒழுங்கின்மை திரும்ப வரும், அதைத்தான் "மாத்திரை கெடுத்தது" என்கிறார்கள். அந்த மாத்திரை படலத்தைக் காக்கும், உதிரப்போக்கைக் குறைக்கும், பருவையும் முடியையும் மெல்ல அடக்கும். முடிக்கு ஆறு மாதமாவது வேண்டும், ஏற்கெனவே முளைத்த முடி தன் காலத்தை முடித்துத்தான் உதிரும். ஆனால் எல்லோருக்கும் ஆகாது. கண்முன் மின்னல் கோடு தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி இருந்தாலோ, பிள்ளைக்கோ நெருங்கிய ரத்த உறவுக்கோ ரத்தம் உறைந்த வரலாறு இருந்தாலோ கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அது வேண்டாம் என்றால் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரையை ஏழு முதல் பத்து நாள் கொடுத்து நிறுத்தி வரவழைப்பதும் உண்டு. மாத்திரை தப்பா சரியா என்பதல்ல கேள்வி, எதற்காக என்று தெரிந்து கொடுக்கிறார்களா என்பதுதான்.

எடுத்துப் போக வேண்டியது அந்தத் தேதிக் கணக்கு. தேதியோடு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின், கட்டி பெரிதா சிறிதா, பள்ளிக்குப் போக முடிந்ததா என்பதும் வேண்டும். அவள் சாப்பிடும் எல்லா மாத்திரையின் பெயரும். மனநல மருந்து சிலவும் வலிப்பு மருந்து சிலவும் தேதியை மாற்றும். ரத்தத்தில் வழக்கமாக டிஎஸ்எச், புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், 17-ஹைட்ராக்ஸி, எஃப்எஸ்எச், எல்எச், சர்க்கரை, ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்து இருப்பு) பார்ப்பார்கள்.

இன்னொன்று. கர்ப்பப் பரிசோதனையும் எழுதுவார்கள். அப்புறம், உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லி அவளிடம் தனியாகப் பேசுவார்கள். கோபப்படாதீர்கள்.

மஞ்சள்குடை

மன்னிக்கணும், இது கொஞ்சம் அதிகம். என் பிள்ளையை எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லாததை ஒரு டாக்டரிடம் என்ன சொல்லிவிடப் போகிறாள்?

சுருட்டைமுடி23

நான் சொன்னேன் அக்கா. தப்பாக ஒன்றுமில்லை. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் நின்று அள்ளி அள்ளிச் சாப்பிடுவேன் என்று சொன்னேன். மூன்று வருடம் யாருக்கும் தெரியாது. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன், ஏனென்றால் அம்மா அழுவார்.

இரவுப்பணி

கர்ப்பப் பரிசோதனை சந்தேகத்தால் இல்லை. நாள் தள்ளிப்போன யாருக்கும் அதுதான் முதல் வரி, யார் பிள்ளை என்று பார்த்து எழுதுவதில்லை.

இரண்டாமவள்_அம்மா

இங்கே பேச்சு தேதி தள்ளிப்போவதிலேயே நிற்கிறது. கட்டி கட்டியாக 9 நாள் போனதை விட்டுவிடாதீர்கள். என் மகளுக்கு முதல் தடவையே 12 நாள். "ஹார்மோன் செட்டாகவில்லை" என்று ஒன்றரை வருடம் ஓட்டினார்கள். மாடி ஏறினால் மூச்சு வாங்கும், நகம் வெளுத்துப்போய்க் காகிதம் மாதிரி இருக்கும். கடைசியில் பல் பிடுங்கும்போது ரத்தம் நிற்காமல் போய்த்தான் கண்டுபிடித்தார்கள், அவளுக்கு இருப்பது ஃபான் வில்லிபிராண்ட் நோய், ரத்தம் உறைவதில் பிறவிக் குறை.

இந்த நோயை 1926-இல் முதலில் விவரித்தவர் பின்லாந்து மருத்துவர் எரிக் ஃபான் வில்லிபிராண்ட். அவர் ஆராய்ந்த குடும்பத்துச் சிறுமி 13 வயதில், நான்காவது மாதவிடாயிலேயே இறந்துபோனாள். அதைப் படித்தபோது என் கை நடுங்கியது. மூக்கில் அடிக்கடி ரத்தம், லேசாக இடித்தாலே கன்றிப்போவது, குடும்பத்தில் பிரசவத்தில் யாருக்காவது அதிகமாகப் போனது, இதெல்லாம் உண்டா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

மஞ்சள்குடை

பதினொரு நாள் கழித்து வருகிறேன். 83-ஆம் நாள் தானாகவே வந்துவிட்டது. அதற்கு இரண்டு நாள் முன்புதான் புது டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுத்திருந்தோம். வெளியே உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன். இருபது நிமிடம். சுவரில் இருந்த படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. வரும் வழியில், "அந்த டாக்டர் எடை மிஷினில் ஏறும்போது நம்பரை நான் பார்க்கணுமா வேண்டாமான்னு கேட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள்.

முடிவுகள். தைராய்டு, புரோலாக்டின், 17-ஹைட்ராக்ஸி சரி. மூக்கில் ரத்தம், கன்றிப்போவது எதுவும் கிடையாது, உறைதல் பரிசோதனையும் சரியாக இருந்தது. டெஸ்டோஸ்டிரோன் மேல் எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. சர்க்கரை நோய் இல்லை. ஃபெரிட்டின் ரொம்பக் குறைவு. பிசிஓஎஸ் என்று இப்போது முத்திரை குத்த மாட்டேன், வர வாய்ப்புள்ள பிள்ளை என்று எழுதி வைத்துத் தொடர்ந்து பார்ப்போம் என்றார். ஸ்கேன் ரிப்போர்ட்டை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். இரும்பு மாத்திரை, தூக்கம், தினமும் உடம்பு அசைய ஏதாவது ஒன்று, அது அவளுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். 90 நாள் தாண்டினால் மாத்திரை கொடுத்து வரவழைக்கலாம் என்றார். எடையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தனியாகச் சொன்னது.

ஓட்டக்காரியின்_அப்பா

நல்லது. உறவுக்காரர் விஷயம் என்ன ஆனது?

மஞ்சள்குடை

அவள் முன்னாலேயே போன் போட்டு, நீங்கள் சொன்னது தப்பு, இனிமேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உறவு கொஞ்சம் உரசலாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

மஞ்சள்குடை

நாலு மாதம் கழித்து ஒரு சின்னத் தகவல், யாராவது தேடி வந்தால் உதவும். 46 நாள், அப்புறம் 39 நாள். கழுத்துக் கறுப்பு அப்படியே இருக்கிறது, அதற்கு நாளாகும் என்றார்கள். மேலுதட்டு முடிக்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள், நான் தலையிடவில்லை. நடனத்தில் சேர்ந்திருக்கிறாள், சத்தம்தான் தாங்க முடியவில்லை.

இரவுப்பணி

46, 39 நல்ல போக்கு. கடைசியாக வந்தது எத்தனை நாள் இருந்தது? நாப்கின் எத்தனை? ஃபெரிட்டின் திரும்பப் பார்த்தீர்களா?

மஞ்சள்குடை

ஃபெரிட்டின் அடுத்த வாரம். மற்றது எனக்குத் தெரியாது. கணக்கு நோட்டு இப்போது அவளிடம் இருக்கிறது. ஏதோ நட்சத்திரமும் முக்கோணமுமாகப் போட்டு வைத்திருக்கிறாள், எனக்குப் புரியவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.